ஒரே வீடு, மூன்று பதில்: பூஸ்டர் யாருக்கு, ஆஸ்பத்திரி எப்போது?

கேள்வி:

டாக்டர், எங்கள் ஊர் சங்கரன்கோவில். பரம்பரையாக நெசவுக் குடும்பம். அப்பாவுக்கு 72 வயது. ஆயுளில் பாதியைத் தறியிலேயே கழித்தவர். பல வருஷமாகச் சுகர் உண்டு. பனிக்காலம் வந்தால் இளைப்பும் வந்துவிடும். 2021-இல் கோவிஷீல்டு இரண்டு ஊசி போட்டுக்கொண்டார். 2022 ஜூலையில் மூன்றாவது ஊசியும் போட்டார். அதற்குப் பிறகு எதுவும் போடவில்லை.

2025 ஜூனில் மறுபடியும் கொரோனா என்று டி.வி.யில் செய்தி ஓடியபோது எங்கள் வீட்டில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், “இங்க அறுபது தாண்டுனவங்க வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கிடுதாங்க. அப்பாவுக்கும் போட்டுருங்க” என்கிறான். விசைத்தறி பார்க்கும் தம்பிக்கு 28 வயது. அவன், “மூணு ஊசி போட்டவங்கதான் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தாங்க. ஊசி போட்ட பொறவுதான் சின்னப் பயலுகளுக்கெல்லாம் ஹார்ட் அட்டாக் வருது. அப்பாவைச் சும்மா விடுங்க” என்று சண்டைக்கு வருகிறான். தம்பி மனைவி இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு வேறு பயம். அம்மாவோ கோமதி அம்மன் கோவில் புற்றுமண் போதும் என்கிறார்.

அப்பாவுக்குப் பூஸ்டர் தேவையா? தம்பி சொல்வதில் உண்மை உண்டா? அடுத்த அலை வந்தால், எந்த நிலையில் வீட்டில் வைத்துப் பார்ப்பது, எந்த நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது?

— ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பூஸ்டர் வேண்டுமா வேண்டாமா என்று மொத்த வீட்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைத் தேடுவதால்தான் உங்கள் வீட்டு விவாதம் முடியாமல் நிற்கிறது. கேள்வியை ஆள்வாரியாகப் பிரித்தால் பதில் கிடைத்துவிடும். உங்கள் அப்பாவுக்குத் தடுப்பூசி கிடைத்து, அவரைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டரும் சம்மதித்தால், போடுவது நல்லது. உங்கள் தம்பி ஆரோக்கியமாக இருந்தால் அவருக்கு இப்போது அவசியமில்லை. தம்பி மனைவிக்கு வேண்டுமா என்பதை மகப்பேறு டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஏன் இப்படி மூன்று பதில் என்பதைச் சொல்கிறேன்.

ஊசி எதைத் தடுக்கிறது?

தடுப்பூசி போட்டதும் உடலில் எதிர்ப்புரதங்கள் உருவாகின்றன. மூக்கிலும் தொண்டையிலும் நுழையும் வைரஸை உடனே மடக்குபவை இவைதான். ஆனால் சில மாதங்களில் இவற்றின் அளவு இறங்கிவிடுகிறது. வைரஸும் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே வருகிறது. அதனால்தான் மூன்று ஊசி போட்டவருக்கும் மறுபடி காய்ச்சல், சளி வருகிறது.

எதிர்ப்புரதம் குறைந்த பிறகும் நினைவு செல்கள் தங்கியிருக்கும். ஒருமுறை பார்த்த வைரஸின் பல பகுதிகளை அவை அடையாளம் வைத்திருக்கும். தொற்று நுழைந்த சில நாட்களில் அவை பெருகி, வைரஸ் நுரையீரலை நாசமாக்குவதற்குள் பிடித்துவிடும். தொற்றே வராமல் காக்கும் பலன் மாதக்கணக்கில்தான் நிற்கிறது. நோய் முற்றாமல் காக்கும் பலன் அதைவிட நெடுநாள் நிற்கிறது.

ஆனால் இந்த இரண்டாவது பாதுகாப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. வயது ஏற ஏற நினைவு செல்களின் வேகம் குறைகிறது. சர்க்கரை, சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று ஆகியவை அதை மேலும் குறைக்கின்றன. 28 வயது உடலுக்கு இருக்கும் சில நாள் அவகாசம் 72 வயது உடலுக்கு இருப்பதில்லை. பூஸ்டர் அந்த அவகாசத்தை மீட்டுத் தருகிறது. அப்பாவை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகாமல் காப்பதுதான் அதன் வேலை. சளியே பிடிக்காமல் இருப்பதற்காக அதைப் போடுவதில்லை. இந்த எதிர்பார்ப்பு தெளிவாக இருந்தால், போட்ட பிறகும் காய்ச்சல் வந்துவிட்டதே என்ற ஏமாற்றம் வராது.

“போட்டவங்கதான படுத்துக் கெடந்தாங்க?”

உங்கள் தம்பி கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அவர் கண்டது பொய்யில்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஊரில் 1,000 முதியவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். அலை வருகிறது. போட்டவர்களில் நூற்றுக்கு 2 பேர், அதாவது 18 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். போடாதவர்களில் நூற்றுக்கு 10 பேர், அதாவது 10 பேர் சேர்கிறார்கள். வார்டில் நுழைந்து பார்ப்பவர் 28 பேரில் 18 பேர் போட்டவர்கள் என்றுதான் சொல்வார். ஆனால் போடாத முதியவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தால் கட்டிலிலும் அவர்களே அதிகம் தெரிவார்கள்.

இது நான் பாடத்துக்காகப் போட்ட கணக்கு. நம் மாநிலத்தில் நிஜமாகவே எடுத்த கணக்கு ஒன்று உண்டு. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை தமிழ்நாடு காவல்துறையினர் 1,17,524 பேரின் விவரங்களைச் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் அரசும் சேர்ந்து ஆராய்ந்தன. அந்த ஒரு மாதத்தில் கொரோனாவால் இறந்த காவலர்கள் 31 பேர். அவர்களில் 11 பேர் ஊசி போட்டிருந்தவர்கள். அந்த 11-ஐ மட்டும் கேட்டால் மனம் பதறும். முழுக் கணக்கையும் பாருங்கள். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரு ஊசி போட்ட 32,792 பேரில் இறந்தவர்கள் 7 பேர். இரண்டு ஊசியும் போட்ட 67,673 பேரில் 4 பேர். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் முறையே 1.17, 0.21, 0.06. இரண்டு ஊசி போட்டவர்களுக்கு மரண ஆபத்து 95 சதவீதம் குறைந்திருந்தது. அத்தனை பேரும் ஒரே வேலையில், ஒரே தெருக்களில், ஒரே அலையில் நின்றவர்கள் என்பதால் இந்தக் கணக்குக்கு எடை அதிகம்.

அது டெல்டா வைரஸின் காலம்; முதல் இரண்டு ஊசிகளின் கணக்கு. இன்றைய வைரஸுக்கும் இன்றைய உடல்களுக்கும் அதே 95 சதவீதத்தை அப்படியே பொருத்தக் கூடாது. இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் ஊசியாலோ தொற்றாலோ ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது. ஆகவே ஒரு பூஸ்டர் கூடுதலாகத் தரும் பலன் முன்பைவிடச் சிறியது. இளைஞருக்கு அது மிகச் சிறியது. முதியவருக்கும் நோயாளிக்கும் இன்னும் பொருட்படுத்தத் தக்கது.

அலையை எதைக் கொண்டு அளப்பது?

தொலைக்காட்சி ஒவ்வொரு நாளும் தொற்று எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு இரண்டு எண்கள்: ஆக்சிஜன் தேவைப்பட்டவர் எத்தனை பேர், தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை பேர்?

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. எட்டு மாதம் கழித்து ஒமைக்ரான் அலையில், 2022 ஜனவரி 22 அன்று, 30,744 பேருக்குப் பதிவானது. இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் 2021 மே மாதக் கடைசியில் மாநிலத்தில் ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. 2022 ஜனவரி உச்சத்திலோ தினசரி மரணம் ஐம்பதை ஒட்டியே நின்றது. 2022 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதிய கடிதமும் இதையே சொன்னது: இரண்டாம் அலையில் சிகிச்சையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 23 பேருக்கு ஆஸ்பத்திரி தேவைப்பட்டது, ஒமைக்ரான் அலையில் 5 முதல் 10 பேருக்கே தேவைப்பட்டது.

ஒமைக்ரான் சாதுவான வைரஸ், அதனால்தான் தப்பித்தோம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. அதே 2022-இன் தொடக்கத்தில் அதே ஒமைக்ரான் ஹாங்காங்கில் நுழைந்தபோது சில மாதங்களில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். அங்கே 80 வயது தாண்டியவர்களில் பெரும்பகுதியினர் அதுவரை முழுமையாக ஊசி போடாமல் இருந்தார்கள். வைரஸ் அதேதான், அது சந்தித்த உடல்கள்தான் வேறு.

2025-க்கு வருவோம். ஒமைக்ரானின் கிளையான ஜே.என்.1 குடும்பத்தைச் சேர்ந்த என்.பி.1.8.1 என்ற வகை அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு மாதிரியிலும் கண்டறியப்பட்டது. மே 23-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கண்காணிக்க வேண்டிய வகை என்று அறிவித்தது. ஜூன் நடுவில் நாடு முழுவதும் சிகிச்சையில் இருந்தவர்கள் ஏழாயிரத்தைச் சற்றுத் தாண்டினார்கள். உங்கள் அண்ணன் இருக்கும் சிங்கப்பூரில் ஏப்ரல் கடைசி வாரத்தில் 11,100 என்று மதிப்பிடப்பட்ட தொற்று, அடுத்த வாரத்தில் 14,200 ஆனது. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் தினசரி சராசரி 102-இலிருந்து 133 ஆனார்கள். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களோ 3-இலிருந்து 2 ஆகக் குறைந்தார்கள். இப்படி மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் அலையின் உண்மையான பலம் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரசவத்துக்கு வந்தவர், கால் முறிந்து வந்தவர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர் எல்லோருக்கும் பரிசோதனை செய்தால் சிலருக்குத் தொற்று இருக்கும். அவர்களும் கொரோனா நோயாளிகள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். கொரோனாவால் மூச்சுத்திணறி வந்தவர் வேறு. வேறு காரணத்துக்கு வந்து கொரோனா இருப்பது தெரிந்தவர் வேறு. ஆக்சிஜன் தேவைப்பட்டோர் எண்ணிக்கையைக் கேட்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பாவுக்கு

72 வயது, சர்க்கரை, இளைப்பு. மூன்றுமே தனித்தனி ஆபத்து; அவரிடம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. கடைசி ஊசிக்கும் இப்போதைக்கும் நடுவில் ஆண்டுகள் ஓடிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் பூஸ்டரை யாருக்கு முதலில் தர வேண்டும் என்று வரிசைப்படுத்தியபோது, முதியவர்களையும் நாள்பட்ட நோய் உள்ளவர்களையும் முதல் வரிசையில் வைத்தது. அவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாத இடைவெளியில் இன்னொரு டோஸைப் பரிந்துரைத்தது. உங்கள் அண்ணன் சொல்வதும் சரிதான்: சிங்கப்பூரில் 60 வயது தாண்டியவர்களுக்கு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 2025-இல் இதையே 75 வயது தாண்டியவர்கள், முதியோர் இல்லவாசிகள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் என்று சுருக்கிக்கொண்டார்கள். எல்லைக்கோட்டை எந்த வயதில் போடுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. ஆபத்து அதிகம் உள்ளவரைக் காக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே பக்கம்.

ஆனால் நம் ஊரில் நிலைமை வேறு. 2022 ஜனவரி 10-இல் முன்னெச்சரிக்கை டோஸ் என்ற பெயரில் பூஸ்டர் தொடங்கியது. அந்த ஜூலையில் இரண்டாவது ஊசிக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி ஒன்பது மாதத்திலிருந்து ஆறு மாதமாகக் குறைந்தது. ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு 18 வயது தாண்டிய எல்லோருக்கும் இலவசமாகப் போட்டார்கள். அந்த வேகம் இன்று இல்லை. கோவிஷீல்டு உற்பத்தியைச் சீரம் நிறுவனம் 2021 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. அதன் பிறகு கோர்பேவாக்ஸ், மூக்கில் விடும் இன்கோவாக், ஒமைக்ரானுக்கென்று ஜெனோவா தயாரித்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஆகியவற்றுக்கு இந்தியாவில் பூஸ்டராக அனுமதி கிடைத்தது. அனுமதி இருப்பதால் கடையில் இருப்பு இருக்கும் என்று அர்த்தமில்லை. சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையிலோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் கேளுங்கள். பிறகு திருநெல்வேலியில் உள்ள பெரிய மருத்துவமனைகளில் போன் செய்து விசாரியுங்கள். அப்பா சிங்கப்பூருக்கு அண்ணனைப் பார்க்கப் போவதாக இருந்தால் அங்கேயே போட முடியுமா, செலவு என்ன என்று அண்ணன் கேட்டு வைக்கலாம். அங்கே 2024 கடைசியிலேயே ஜே.என்.1 வகைக்கு ஏற்ப மாற்றிய தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால் அண்ணன் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்துவர மட்டும் நினைக்க வேண்டாம். குளிர்ச்சி கெட்டால் மருந்தும் கெட்டுவிடும்.

கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். அவரை ஆஸ்பத்திரியில் தள்ளக்கூடிய நோய்கள் கொரோனாவைத் தவிரவும் உண்டு. ஆண்டுதோறும் போடும் இன்ஃபுளுயன்ஸா தடுப்பூசியும், நிமோகாக்கல் நிமோனியா தடுப்பூசியும் தனியாரிடம் கிடைக்கின்றன. சர்க்கரையும் இளைப்பும் உள்ள 72 வயதுக்காரருக்கு இவை இரண்டும் மிக முக்கியம். விலை கூடத்தான், முடிந்தால் போட்டுவிடுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதற்கு விலை குறைவு, பலன் அதிகம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இளைப்புக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், மூச்சு வாங்கும் நாளில் மட்டும் எடுக்காமல், டாக்டர் சொன்ன முறையில் தினமும் எடுக்க வேண்டும்.

தம்பிக்கு

ஆரோக்கியமான 28 வயது இளைஞருக்கு இப்போது பூஸ்டர் தேவையில்லை என்பதில் நான் அவர் பக்கம். ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணத்தை ஏற்க முடியாது. இளம் வயதுத் திடீர் மரணங்களைப் பற்றிய அச்சம் பரவியபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னையிலுள்ள அதன் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமே அதற்குத் தலைமை தாங்கியது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் புரியாமல் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களை, அதே வயதும் அதே வட்டாரமும் கொண்ட 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2023-இல் வெளியானது. தடுப்பூசி அந்த மரணங்களைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டிருந்தவர்களிடம் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: முன்பு கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவு மீறிக் குடித்தது, அதே நாட்களில் உடலைக் கடுமையாக வருத்தியது.

பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோவிஷீல்டு வகை தடுப்பூசியால் இரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் அரிய நோய் வரக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே ஒப்புக்கொண்டது. 2024-இல் அந்தத் தடுப்பூசியின் மூல நிறுவனமான அஸ்ட்ராஜெனகா பிரிட்டன் நீதிமன்றத்தில் சொன்னதும் அதைத்தான். அது வருவதானால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள், பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு வரும். ஆண்டுகள் கழித்து வருவதில்லை. எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளால் இளைஞர்களுக்கு அரிதாக இதயத் தசையில் வீக்கம் வந்ததும் பதிவாகியிருக்கிறது. பலன் சிறிதாகிவிட்ட இளைஞருக்கு இப்போது வற்புறுத்த வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பாவின் தராசில் பலன் தட்டு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. தம்பி தன் பயத்தை அப்பாவின் மேல் ஏற்றக் கூடாது. அவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் அப்பாவோடு ஒரே அறையில் படுக்காமல் இருப்பது, பக்கத்தில் போனால் மாஸ்க் போடுவது. அப்பாவுக்குத் தொற்று வருவதானால் பெரும்பாலும் வீட்டாரிடமிருந்துதான் வரும்.

தம்பி மனைவிக்கு

கர்ப்ப காலத்தில் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு அதிகம். குறைப்பிரசவ ஆபத்தும் கூடுகிறது. இந்தியாவில் 2021 ஜூலை முதலே கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவனம், கடைசி டோஸ் போட்டு ஆறு மாதம் கடந்திருந்தால் கர்ப்ப காலத்தில் ஒரு டோஸ் போடலாம் என்கிறது. ஆனால் இன்று இங்கே எந்தத் தடுப்பூசி கிடைக்கிறது, அது கர்ப்பிணிக்கு ஏற்றதா என்பதை மகப்பேறு டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடுத்த செக்கப்பில் மறக்காமல் கேளுங்கள். இன்ஃபுளுயன்ஸா ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

ஆஸ்பத்திரி எப்போது?

2021 மே மாதத்தில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாகக் காத்து நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோ மையம் ராக்கெட்டுக்கு வைத்திருந்த வசதியைக் கொண்டு திரவ ஆக்சிஜன் அனுப்பியது. மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் ஆக்சிஜனுக்காகத் திறக்கப்பட்டது. அன்று கட்டில் என்றால் ஆக்சிஜன். ஆக்சிஜன் என்றால் உயிர். பயத்தால் முன்கூட்டியே சேர்வதும் தப்பு, வைராக்கியத்தால் தாமதிப்பதும் தப்பு என்பதே அந்த மாதம் சொன்ன பாடம். லேசான நோயோடு கட்டிலைப் பிடித்தவரால் வேறொருவர் வாசலில் காத்திருந்தார். ஊர் வைத்தியமே போதும் என்று வீட்டில் கிடந்தவர் நுரையீரல் முக்கால்வாசி கெட்ட பிறகு வந்து சேர்ந்தார்.

வீட்டில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா நன்றாக இருக்கும் இந்த நாட்களிலேயே ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வையுங்கள். நெடுநாள் இளைப்பு உள்ளவருக்குச் சாதாரண நாளிலேயே அளவு மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கலாம். அவருடைய வழக்கமான எண் தெரிந்தால்தான் இறக்கம் புரியும். விரல் சூடாக இருக்க வேண்டும். மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் பாருங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு கண்டறிந்தது. நம்மைப் போன்றவர்கள் எல்லைக்கோட்டு எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய நிலை: காய்ச்சல், தொண்டை வலி, சளி, உடம்பு வலி இருந்தாலும், மூச்சு சீராக இருக்கிறது, ஆக்சிஜன் 94 அல்லது அதற்கு மேல் இருக்கிறது, சாப்பிடுகிறார், சிறுநீர் வழக்கம்போல் போகிறார். அப்போதும், அப்பாவின் வயதில் முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். வைரஸுக்கு எதிரான மாத்திரைகள் அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் தந்தால்தான் பலன். அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு அவை மோதக்கூடும் என்பதால் மருந்துச் சீட்டு முழுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை: ஆக்சிஜன் 93 அல்லது அதற்குக் கீழ், அல்லது அப்பாவின் வழக்கமான எண்ணிலிருந்து தெளிவான இறக்கம், உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 24 மூச்சு அல்லது அதற்கு மேல், ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியாமை, நெஞ்சில் இறுக்கம், உதடு நீலம் பாய்வது, திடீர்க் குழப்பம், அரைத்தூக்கம், சாப்பாட்டை ஒதுக்குவது, சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் ஏறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 90-க்குக் கீழே போனால் அது தீவிர நிலை. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் முதல் அறிகுறியாக வரலாம். “வயசாயிட்டு, பேத்துதாரு” என்று விட்டுவிடாதீர்கள்.

108-ஐ அழைத்தால் முதலில் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்குப் போவீர்கள். அங்கே ஆக்சிஜன் வைத்து நிலைப்படுத்துவார்கள். தேவைப்பட்டால் தென்காசிக்கோ நெல்லை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். நெல்லைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக்சிஜன் இல்லாத காரில் நேரே அங்கே கிளம்பிவிட வேண்டாம்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் ஸ்டீராய்டு மாத்திரையால் நன்மை இல்லை. சர்க்கரை நோயாளிக்குக் கேடு உண்டு. 2021-இல் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் கருப்புப் பூஞ்சை பெருகியது. தமிழ்நாடு அரசு அந்த மே மாதத்தில் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே ஆக்கியது. யாரோ பயன்படுத்திய பழைய சீட்டைக் காட்டி அப்பாவுக்கு மாத்திரை வாங்காதீர்கள்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை

புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும். அந்த நம்பிக்கை மனதுக்குத் தெம்பு. மாத்திரையும் ஊசியும் அதற்குப் போட்டி இல்லை என்று அம்மாவிடம் அமைதியாகச் சொல்லுங்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே ரதவீதியில் திரளும் நேரத்தில் சளிக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தால், அப்பாவும் தம்பி மனைவியும் நெரிசலில் நிற்காமல், மாஸ்க் போட்டு, கூட்டம் கலைந்த நேரத்தில் தரிசனம் செய்யட்டும். தறிக்கூடத்தில் பஞ்சுத்தூசிக்கும் வைரஸுக்கும் சேர்த்து ஒரே மருந்து காற்றோட்டம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணனும் தம்பியும் ஒரே அப்பாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஒருவர் நோய்க்குப் பயப்படுகிறார். மற்றவர் ஊசிக்குப் பயப்படுகிறார். இரண்டு பயத்துக்கும் எடை போட்டு முடிவு சொல்லக்கூடியவர் அப்பாவின் உடம்பை அறிந்த டாக்டர். கடைசிச் சொல் அப்பாவுடையது; ஊசி அவர் கையில்தான் ஏறப்போகிறது, அவரைக் கேட்காமல் யாரும் தீர்மானிக்கக் கூடாது. அலை வராத இந்த நாட்களே அதற்கு ஏற்றவை. கோவின் தளத்திலிருந்து அப்பாவின் தடுப்பூசிச் சான்றிதழ், கடைசியாக எடுத்த மூன்று மாத சர்க்கரைச் சராசரிப் பரிசோதனை முடிவு, சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, ஒரு வாரம் குறித்த ஆக்சிஜன் அளவு, இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே டாக்டரைப் போய்ப் பாருங்கள். தம்பியையும் கூட்டிப் போங்கள். அவருடைய கேள்விகளை அங்கேயே, அப்பாவின் முன்னாலேயே கேட்கட்டும்.